கோபர் கேஸில் ஓடும் சின்ன இன்ஜின்: டைமிங் வைக்கப் பயனுள்ள குறிப்புகள்

தொழுவத்தில் ஐந்தாறு மாடும் கொல்லையில் ஒரு சாண எரிவாயுக் கலனும் உள்ள வீடுகளில், அடுப்புக்குப் போக மீதமாகும் கேஸைக் கொண்டு பெட்ரோல் ஜெனரேட்டரையோ சிறிய பம்ப்செட்டையோ ஓட்டிக்கொள்ளலாம். ஆனால், குழாயை மாட்டி ஓட்டிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: "ஓடுது, ஆனா லோடு இழுக்க மாட்டேங்குது." அதற்குப் பாதிக் காரணம் கேஸும் காற்றும் சேரும் அளவு. மீதிப் பாதி, பிளக்கில் பொறி விழும் நேரம். முதலாவதைச் சரிசெய்து தர ஆள் கிடைக்கிறார்கள். இரண்டாவதை யாரும் தொடுவதில்லை. அதை எப்போது தொடுவது, எவ்வளவு மாற்றுவது, எப்படி மாற்றுவது என்பதற்காகவே இந்தக் குறிப்புகள். 5 முதல் 7 ஹெச்.பி. வரையுள்ள, ஒற்றைச் சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், காற்றில் குளிரும் பெட்ரோல் இன்ஜினை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற எரிபொருள்களுக்கு ஆங்காங்கே சில வரிகள் உண்டு.

1. முதலில் டைமிங் என்றால் என்ன என்பது தெளிவாக இருக்கட்டும். பிஸ்டன் மேலே ஏறி டாப்புக்கு வருவதற்குச் சற்று முன்பே பிளக்கில் பொறி விழுந்துவிடும். கலவை பற்றி எரிந்து முழு அழுத்தம் வர நேரம் பிடிக்கும் என்பதால்தான் இந்த முன்னேற்பாடு. பிஸ்டன் டாப்பைத் தாண்டி 10 முதல் 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால் இன்ஜினுக்கு முழு பலன். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் ஜெனரேட்டரில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. இந்த வகை இன்ஜின்களில் பெட்ரோலுக்கென்று டாப்புக்கு 20 முதல் 25 டிகிரி முன்பாகப் பொறி விழும்படி கம்பெனியிலேயே வைத்திருப்பார்கள். வேகம் கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலானவற்றில் அது மாறாது.

2. சாண எரிவாயுவில் மீத்தேன் 55 முதல் 65 சதவீதம்தான். மீதி ஏறக்குறைய முழுவதும் கரியமில வாயு. அது எரியாது, எரிவதையும் மந்தமாக்கும். ஆகவே பெட்ரோலுக்கு வைத்த நேரத்தில் பொறி விழுந்தால், பிஸ்டன் பாதி இறங்கிய பிறகும் கலவை எரிந்துகொண்டே இருக்கும். தள்ள வேண்டிய சக்தி சூடாக மாறி சைலன்சர் வழியே போய்விடும். இதற்கு ஒரே வழி, பொறியை இன்னும் முன்கூட்டியே விழவைப்பது. பட்டறையில் இதை 'அட்வான்ஸ்' என்பார்கள். தாமதமாக்குவது 'ரிட்டார்ட்'.

3. இன்ஜினைக் கழற்றுவதற்கு முன் கேஸ் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போடுங்கள். ஒரு ஹெச்.பி.க்கு ஒரு மணி நேரம் ஓட சுமார் 0.45 கன மீட்டர் கேஸ் வேண்டும். 5 ஹெச்.பி. இன்ஜின் முழு லோடில் ஒரு மணி நேரம் ஓட இரண்டேகால் கன மீட்டர். ஒரு கன மீட்டர் கேஸுக்கு ஏறக்குறைய 25 கிலோ சாணம் என்றால், இதற்கு 56 கிலோ ஆகிறது. ஒரு மாடு நாளுக்குப் பத்து கிலோ சாணம் போடும் என்று வைத்துக்கொண்டால், ஐந்தாறு மாட்டின் ஒரு நாள் சாணமும் ஒரு மணி நேர ஓட்டத்துக்கே சரியாகப் போய்விடும். 2 கன மீட்டர் கலன் வைத்திருப்பவர்கள் அடுப்பையும் எரித்து மோட்டாரையும் ஓட்ட நினைத்தால் இரண்டுமே அரைகுறையாக நிற்கும். கரன்ட் போன நேரத்தில் நாலு விளக்கு, ஒரு மின்விசிறி, பால் கறவை இயந்திரம் என்று அளவாக ஓட்டுவதற்குத்தான் சிறிய கலன் ஏற்றது.

4. டைமிங்கைத் தொடும் முன் கலவையைச் சரிசெய்யுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. கலவையில் காற்று அதிகமானாலும் அது மெதுவாகத்தான் எரியும். அப்போது டைமிங் பின்தங்கியது போலவே அறிகுறிகள் தெரியும். அதை நம்பி டைமிங்கை முன்னே தள்ளிவிட்டு, பிறகு ஒருநாள் கலவை சரியானால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும்.

5. சாண எரிவாயு ஒரு பங்குக்குக் காற்று கிட்டத்தட்ட ஆறு பங்கு வேண்டும். ஏர் ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு 'டீ' வைத்து, அதில் கேஸ் குழாயையும் ஒரு நல்ல பித்தளை வால்வையும் இணைப்பதுதான் எளிய முறை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, பெட்ரோல் காக்கை மூடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரத் தீர, கேஸ் வால்வை மெல்ல மெல்லத் திறந்துகொண்டே வாருங்கள். வேகம் ஏறி இறங்கி அலையாமல் ஒரே சீராக நிற்கும் இடத்தில் வால்வின் கைப்பிடிக்கு நேராக ஒரு கோடு போட்டுவிடுங்கள். பிறகு லோடு கொடுத்து அந்தக் கோட்டுக்கு இருபுறமும் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். நன்றாக இழுக்கும் இடம்தான் உங்கள் அளவு. பெரும்பாலும் அது முதல் கோட்டைவிட ஒரு நூல் அதிகமாகத் திறந்த இடமாக இருக்கும்.

6. கேஸின் தரம் எப்படி என்று வீட்டிலேயே பார்க்கலாம். மெடிக்கல் கடையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்சு வாங்குங்கள். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரையும்போது கொதிப்பது போலச் சூடாகும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். சிரிஞ்சில் கொஞ்சம் கரைசலை இழுத்து, அதன் மேல் 40 மில்லி கேஸை இழுத்து, முனையை ரப்பரால் இறுக்கி அடைத்து ஒரு நிமிடம் குலுக்குங்கள். கரைசல் கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச, பிஸ்டன் தானாக உள்ளே இழுபடும். நகராமல் நின்றபின் மிச்சமிருக்கும் கேஸின் அளவைப் பாருங்கள். 24 மில்லி இருந்தால் மீத்தேன் ஏறக்குறைய 60 சதவீதம். 20 மில்லிக்குக் கீழே போனால் இன்ஜினைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டுக் கலனைக் கவனியுங்கள். பழைய சோறு, புளித்த மாவு, காய்கறிக் கழிவு ஆகியவற்றை ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே புளிப்பேறி கரியமில வாயு கூடிவிடும். சில நாள் சாணம் மட்டும் போட்டு வந்தால் சரியாகும்.

7. எவ்வளவு முன்னே தள்ளுவது? மீத்தேன் 60 சதவீதம் அளவில் உள்ள கேஸுக்கு, பெட்ரோலுக்கு இருந்ததைவிட 8 முதல் 12 டிகிரி முன்னே என்பது நல்ல தொடக்கம். அதாவது மொத்தத்தில் டாப்புக்கு 30 முதல் 35 டிகிரி முன்பு. தண்ணீரில் கழுவிக் கரியமில வாயுவை நீக்கிய சுத்தமான கேஸ் வேகமாக எரியும் என்பதால் அதற்கு இவ்வளவு தேவையில்லை; 5 முதல் 8 டிகிரி போதும். எல்.பி.ஜி. பெட்ரோலை ஒட்டியே எரிகிறது. கம்பெனி டைமிங்கிலேயே ஓட்டலாம். மிஞ்சினால் 3, 4 டிகிரி. எல்.பி.ஜி.யில் ஓட்டுவதற்காக மேக்னட் ஃப்ளைவீலைக் கழற்றி டைமிங்கை மாற்றுவது வீண் வேலை என்பது என் கருத்து.

8. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை ஜெனரேட்டருக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். 2000-ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. ஒழுங்குமுறை ஆணை அதைத் தடை செய்கிறது. வேண்டுமானால் வணிகச் சிலிண்டர் வாங்குங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். கிணற்றடி மோட்டார் குழியில் வைத்து ஓட்டவே கூடாது.

9. உங்கள் இன்ஜினில் டைமிங்கை மாற்ற முடியுமா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய இன்ஜின்களில் கான்டாக்ட் பாயின்ட் இருக்கும். அவற்றில் பாயின்ட் பொருத்திய தட்டை நகர்த்தினாலே போதும். இப்போதைய இன்ஜின்களில் பாயின்ட் கிடையாது. மேக்னட் பதித்த ஃப்ளைவீல் சுற்றும்போது, வெளியே உள்ள காயிலை அது கடக்கும் கணத்தில் பொறி விழும். இவற்றில் மேக்னட்டுக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவே உள்ள சின்னக் கீ ஒன்றுதான் டைமிங்கைத் தீர்மானிக்கிறது. இன்வெர்ட்டர் ஜெனரேட்டர், ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டி ஆகியவற்றில் டைமிங்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அவற்றில் கை வைக்க வேண்டாம்.

10. காயிலுக்கும் மேக்னட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் குறைத்தால் டைமிங் முன்னேறும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். அந்த இடைவெளி பொறியின் பலத்துக்கானது. 0.4 மி.மீ. அளவில் இருந்தால் போதும். ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் தடிமனான விசிட்டிங் கார்டு ஒன்றை நடுவில் செருகி, காயிலை மேக்னட் இழுக்கவிட்டு போல்ட்டை இறுக்குங்கள். பிறகு கார்டை உருவிவிடலாம்.

11. காயிலின் போல்ட் ஓட்டையை நீள்வட்டமாக ராவி, காயிலையே நகர்த்துவது இன்னொரு பழக்கம். கணக்குப் பார்த்தால் அது எவ்வளவு சொற்பம் என்று புரியும். 180 மி.மீ. விட்டமுள்ள ஃப்ளைவீலின் சுற்றளவு 565 மி.மீ. அதில் ஒரு டிகிரி என்பது சுமார் 1.6 மி.மீ. பத்து டிகிரிக்கு 16 மி.மீ. நகர்த்த வேண்டும், அந்த அளவுக்கு ராவினால் போல்ட் பிடிக்க இடமே இருக்காது. இரண்டு டிகிரிக்கு மேல் இந்த வழியில் கிடைக்காது.

12. டாப்பைச் சரியாகக் கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. பிளக் ஒயரைக் கழற்றி ஓரமாகக் கட்டுங்கள். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ரா ஒன்றை விடுங்கள். பிஸ்டன் டாப்புக்கு அருகே வரும்போது சில டிகிரிக்கு அசையாமல் நிற்பது போலத் தெரியும். அதனால், ஸ்ட்ரா இனி ஏறவில்லை என்று கண்ணால் பார்த்து முடிவுசெய்தால் தவறிவிடும். ஸ்ட்ராவில் ஓர் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். பிஸ்டன் ஏறும்போது அந்தக் கோடு பிளக் ஓட்டையின் விளிம்புக்கு வரும் தருணத்தில் ஃப்ளைவீல் மீது ஓர் அடையாளம். டாப்பைத் தாண்டி இறங்கும்போது அதே கோடு மறுபடி விளிம்புக்கு வரும். அப்போது இன்னோர் அடையாளம். இரண்டுக்கும் சரிபாதியில் இருப்பதுதான் டாப். தையல் டேப்பைச் சுற்றி அளந்தால் பாதியைத் துல்லியமாகப் பிடிக்கலாம். அடையாளத்துக்கு வெள்ளை நெயில் பாலிஷ் நன்றாக நிற்கும். சாக்பீஸ் கோடு எண்ணெய்க் கை பட்டால் அழிந்துவிடும்.

13. மேக்னட் நட்டைக் கழற்றும்போது ஃப்ளைவீலின் விசிறி இதழில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நிறுத்தாதீர்கள், இதழ் உடைந்துவிடும். பிஸ்டன் கம்ப்ரஷன் டாப்பைத் தாண்டி, இரண்டு வால்வும் மூடிய நிலையில், பாதி இறங்கியிருக்கும்போது பிளக் ஓட்டை வழியே மெல்லிய நைலான் கயிற்றைத் திணியுங்கள். நுனி வெளியே இருக்கட்டும். பிஸ்டன் கயிற்றில் முட்டி நிற்கும். நட்டு சுலபமாக விடும். நட்டு விட்டபின் ஃப்ளைவீல் தானாக வராது. அதற்கென்று உள்ள புல்லரைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் மேக்னட் விரிசல் விடும். கிராங்கின் முனைப்புரியும் நசுங்கும்.

14. இப்போது கீ. வழக்கமான கீயின் கீழ்ப்பாதி கிராங்கிலும் மேல்பாதி ஃப்ளைவீலிலும் நேராக உட்காரும். நமக்கு வேண்டியது, மேல்பாதி சற்றுத் தள்ளி உட்காரும் ஸ்டெப் கீ. கிராங்கின் அந்த இடத்து விட்டம் 20 மி.மீ. என்றால், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.17 மி.மீ. தள்ளினால் போதும். 8 டிகிரிக்கு 1.4 மி.மீ.; பத்துக்கு 1.75 மி.மீ. கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் இந்த ஒன்றரை மி.மீ.தான் இன்ஜினின் இழுவையையே மாற்றுகிறது. ஆகவே அளவை வெர்னியர் காலிப்பரில் எடுங்கள். டேப்பில் எடுத்தால் பயனில்லை.

லேத் பட்டறையில் பழைய கீயையும் ஃப்ளைவீலையும் கையில் கொடுத்துவிட்டு இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, கீழ்ப்பாதி இதே அளவு. மேல்பாதி மட்டும் இந்தப் பக்கமா ஒன்றரை மி.மீ. தள்ளி வரணும். அகலம் மாறக் கூடாது. பழைய கீ எந்த மெட்டலோ அதே மாதிரி சாஃப்ட்டா இருக்கட்டும்." 'இந்தப் பக்கம்' என்பதைச் சுண்ணாம்புக் கட்டியால் ஃப்ளைவீலில் அம்புக்குறி போட்டே காட்டிவிடுங்கள். இங்கே திசை மாறினால் டைமிங் முன்னே போவதற்குப் பதில் பின்னே போய்விடும்.

15. திசையை இப்படி நினைவில் வையுங்கள். கிராங்கின் மேல் ஃப்ளைவீலை, அது ஓடும் திசையிலேயே சற்றுத் தள்ளி வைத்தால் மேக்னட் காயிலிடம் சீக்கிரம் வந்து சேரும், அதுதான் அட்வான்ஸ். காயிலையோ பாயின்ட் தட்டையோ நகர்த்துவதாக இருந்தால் ஓடும் திசைக்கு எதிராக நகர்த்த வேண்டும். ரீகாயில் கயிற்றை இழுத்துப் பார்த்தால் இன்ஜின் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது தெரிந்துவிடும்.

16. ஃப்ளைவீலைப் பிடித்து வைத்திருப்பது கீ இல்லை. கூம்பு வடிவ ஷாஃப்டும் அதன் மேல் இறுகும் நட்டும்தான். இரண்டு கூம்புகளையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, நட்டைக் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். 163 சி.சி. ஹோண்டா ஜி.எக்ஸ்.160-க்கு அது 75 நியூட்டன் மீட்டர். கை உத்தேசமாக இறுக்கிவிட்டால், கயிற்றை இழுக்கும்போது ஏற்படும் ஓர் உதைப்பில் கீ வெட்டுப்பட்டு டைமிங் எங்கோ போய்விடும். கீயே இல்லாமல் கூம்பை மட்டும் நம்பி ஃப்ளைவீலை மாட்டும் பழக்கமும் உண்டு. வீட்டு உபயோக இன்ஜினுக்கு அது வேண்டாம்.

17. பாயின்ட் உள்ள பழைய இன்ஜினில், பாயின்ட்டுகளுக்கு நடுவில் மெல்லிய காகிதத் துண்டைச் செருகி, ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். காகிதம் பிடி விட்டு நழுவும் கணம்தான் பொறி விழும் கணம். அந்த இடத்துக்கும் டாப் அடையாளத்துக்கும் உள்ள தூரத்தைத் தையல் டேப்பால் அளந்து, 11-ஆம் குறிப்பின் கணக்கில் டிகிரியாக மாற்றிக்கொள்ளலாம். பாயின்ட் இடைவெளியைக் கூட்டினாலும் டைமிங் முன்னே போகும். ஆனால் அதைக் கொண்டு டைமிங் வைக்காதீர்கள். இடைவெளியை முதலில் கம்பெனி அளவுக்கு வைத்துவிட்டு, பிறகு தட்டை நகர்த்துங்கள். அதன்பின் இடைவெளியைத் தொட்டால் டைமிங்கையும் மறுபடி பார்க்க வேண்டும்.

18. சரியான அளவை லோடில்தான் கண்டுபிடிக்க முடியும். ஒரே அளவில் மின்சாரம் இழுக்கும் ஹீட்டரையோ, வரிசையாக மாட்டிய ஹாலஜன் விளக்குகளையோ இணைத்து, இன்ஜின் சூடாகும்வரை ஓட்டுங்கள். மல்டிமீட்டரில் ஃப்ரீக்வென்ஸி பார்க்கும் வசதி இருந்தால் நல்லது. கவர்னர் முழுவதும் திறந்துவிட்ட பிறகும் 50 ஹெர்ட்ஸை விட்டு எண் இறங்கத் தொடங்கும்வரை லோடை ஏற்றி, அந்த வாட் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். 6, 9, 12 டிகிரிக்கு மூன்று ஸ்டெப் கீ செய்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் கலவை வால்வையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். 9 டிகிரியிலும் 12 டிகிரியிலும் இழுவை ஒன்றாகவே இருந்தால் 9-ஐ வையுங்கள். முழு இழுவை கிடைக்கும் மிகக் குறைந்த அட்வான்ஸ்தான் இன்ஜினுக்கு நல்லது. இதில் பேராசை கூடாது.

இந்த இடத்தில் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பெட்ரோலில் டைமிங் அதிகமாக முன்னே போனால் ஹெட்டிலிருந்து கணகணவென்று தட்டும் சத்தம் வந்து எச்சரிக்கும். மீத்தேன் எளிதில் தட்டாது. பெட்ரோலைவிட மிக அதிக ஆக்டேன் உடையது. ஆகவே காதை நம்பிக் கேஸுக்கு டைமிங் வைக்க முடியாது. சத்தம் வரவில்லை என்று இன்னும் இன்னும் முன்னே தள்ளினால், பிஸ்டன் ஏறும்போதே அழுத்தம் வந்து அதைக் கீழே அமுக்கும். இழுவை குறையும், ஹெட் சூடேறும், பேரிங் அடிவாங்கும்.

19. டைமிங் பின்தங்கியிருந்தால்: சைலன்சர் வளைவு சிவக்கும், சைலன்சரில் படபடவென்று வெடிக்கும், இழுவை இருக்காது. இப்படியே நெடுநாள் ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். அதிகமாக முன்னே போயிருந்தால்: ஸ்டார்ட் செய்யும்போது கயிறு கையைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் அடிக்கும், சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக மறுக்கும், ஹெட் அளவுக்கு மீறிச் சூடாகும். கயிறு அடிப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விரலையும் மணிக்கட்டையும் முறிக்கக்கூடிய வேகம் அதற்கு உண்டு.

20. பெட்ரோலிலும் கேஸிலும் மாறி மாறி ஓட்டப் போகிறீர்கள் என்றால் 5 டிகிரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டிலும் முழு பலன் கிடைக்காது. இரண்டிலும் சேதமில்லாமல் ஓடும். கேஸுக்கென்று பத்து டிகிரி முன்னே வைத்த இன்ஜினில், ஸ்டார்ட் செய்ய மட்டும் பெட்ரோல் ஊற்றலாம். பெட்ரோலில் லோடு கொடுக்கக் கூடாது. தட்டிக்கொண்டே ஓடினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

21. டைமிங் எவ்வளவு சரியாக இருந்தாலும், பெட்ரோலில் கிடைத்த சக்தி கேஸில் கிடைக்காது. கேஸ் தானே இடத்தை அடைத்துக்கொண்டு காற்றைக் குறைப்பதாலும், கரியமில வாயு சேர்ந்தே வருவதாலும், 20 முதல் 30 சதவீதம் வரை குறையும். இதில் ஒரு பகுதியை மீட்க வேண்டுமானால் கம்ப்ரஷனைக் கூட்ட வேண்டும். பெட்ரோல் இன்ஜின் 8 அல்லது 9-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். மீத்தேன் 11, 12 வரை தாங்கும். ஹெட்டை லேத்தில் சீவிக் கொடுப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த இன்ஜினைப் பெட்ரோலில் ஓட்ட நினைக்கக் கூடாது. கம்ப்ரஷன் கூடினால் கேஸும் வேகமாக எரியும்; டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி பின்னே கொண்டுவர வேண்டும்.

22. பிளக் இடைவெளியைக் குறையுங்கள். பெட்ரோலுக்கு 0.7 அல்லது 0.8 மி.மீ. என்றால் கேஸுக்கு 0.5 முதல் 0.6. உலர்ந்த கேஸ் கலவையில் பொறி தாண்ட அதிக வோல்ட் தேவைப்படும். இடைவெளி பெரிதாக இருந்தால் லோடில் பொறி தவறும். அதை டைமிங் கோளாறு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

23. இந்தச் சின்ன இன்ஜின்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விழும். ஒன்று வேலைக்கு, அடுத்தது, புகை வெளியேறும் நேரத்தில் வீணாக. டைமிங்கை முன்னே தள்ளும்போது இந்த வீண் பொறியும் சேர்ந்தே முன்னே வருகிறது. கலவையில் கேஸ் குறைவாக இருந்து, எரியும் தீ முழுவதும் அணையாமல் மிச்சமிருந்தால், அடுத்த முறை உள்ளே வரும் கேஸை அது பற்றவைத்து ஏர் ஃபில்டர் பக்கம் 'டப்' என்று வெடிக்கும். கேஸ் குழாயில் கலனுக்கும் இன்ஜினுக்கும் நடுவே, தீ கலன் பக்கம் போகாமல் தடுக்கும் ஃப்ளேம் டிராப் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும், விலையைப் பார்க்காதீர்கள்.

24. கேஸோடு கலந்து வரும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடுடையது. ஆயிலை அமிலமாக்கி பேரிங்கையும் செம்புப் பாகங்களையும் தின்றுவிடும். துருப்பிடித்த இரும்புத் துருவலை ஒரு குழாயில் அடைத்து, அதன் வழியே கேஸை விட்டால் பெருமளவு நின்றுவிடும். லேத் பட்டறையில் கேட்டால் துருவல் கிடைக்கும். உபயோகித்த துருவலைக் காற்றில் விரித்தால் மறுபடி வேலை செய்யும். ஆனால் அப்போது அது தானாகவே சூடேறும். வைக்கோல் போர், சருகு ஆகியவற்றின் அருகில் கொட்ட வேண்டாம். ஈரமாக்கித் திறந்தவெளியில் விரியுங்கள். ஆயிலைப் பெட்ரோலுக்கு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால், கேஸுக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

25. குழாயில் தண்ணீர் தேங்கும் தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் காக் வையுங்கள். அதிகாலையில் இன்ஜின் திணறினால் முதலில் திறக்க வேண்டியது இதைத்தான்.

26. டீசல் இன்ஜினில் பிளக் கிடையாது. அதில் கேஸைக் காற்றோடு கலந்து விட்டு, கொஞ்சம் டீசலால் பற்றவைக்கிறார்கள். கேஸ் நன்றாகக் கிடைத்தால் டீசல் செலவு ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். அங்கே டைமிங் என்பது டீசல் பம்ப்புக்கு அடியில் உள்ள ஷிம் தகடுகள்தான். ஒரு தகட்டை எடுத்தால் டீசல் சீக்கிரம் பாயும், சேர்த்தால் தாமதமாகும். ஒரு தகட்டுக்கு மேல் எடுக்காமல் ஓட்டிப் பாருங்கள். பம்ப்செட்டுக்கு முழு நேரமும் கேஸ் வேண்டும் என்பவர்களுக்கு, பெட்ரோல் இன்ஜினைவிட இதுவே ஏற்றது என்பேன். கேஸ் தீர்ந்தாலும் டீசலில் ஓடிக்கொண்டே இருக்கும். பாதித் தண்ணீரில் பாத்தி நிற்காது.

27. மண்ணெண்ணெயின் கதை நேர் எதிர். அதன் ஆக்டேன் மிகக் குறைவு. பெட்ரோல் டைமிங்கில், பெட்ரோல் கம்ப்ரஷனில் ஓட்டினால் தட்டித் தள்ளும். ஆகவே டைமிங்கைச் சில டிகிரி பின்னே கொண்டுவர வேண்டும். கம்ப்ரஷனையும் குறைக்க வேண்டும். கம்பெனியிலிருந்தே மண்ணெண்ணெய்க்கென்று வரும் பம்ப்செட்டுகளில் இரண்டையும் செய்திருப்பார்கள். நம் கடற்கரை வள்ளங்களில் மாட்டும் மண்ணெண்ணெய் மோட்டார்களும் அப்படித்தான். 1990-களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளையும் தண்ணீர் பம்ப்பையும், சில சொட்டுப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வேறு வழியில்லாத காலம் அது. இன்று அதைச் செய்வதாக இருந்தால், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் உள்ள மண்ணெண்ணெய் தீரவிடுங்கள். எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் உடனே மாற்றுங்கள். ரேஷன் மண்ணெண்ணெயை இதற்கு எடுப்பது குற்றம்.

28. ஸ்டெப் கீ போட்ட இன்ஜினின் கவருக்குள், எத்தனை டிகிரி, எந்தத் தேதி என்று பெயின்ட்டில் எழுதி வையுங்கள். பழைய கீயை ஒரு சிறு பாலிதீன் பையில் போட்டு டேங்க் பிராக்கெட்டில் கட்டிவிடுங்கள். அடுத்த மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு "கீ வளைஞ்சிருக்கு" என்று புதுக் கீயை மாற்றிவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது.

29. எந்த எரிபொருளானாலும் இன்ஜினை வீட்டுக்குள்ளோ, தாழ்வாரத்திலோ, ஜன்னலுக்கு அடியிலோ ஓட்டாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கேஸில் ஓடினால் புகையே தெரியாது என்பதால் ஆபத்தும் தெரியாது. வீட்டு ஒயரிங்கோடு இணைக்கச் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் போடுங்கள். அது இல்லாமல் பிளக் பாயின்ட் வழியாகக் கொடுத்தால், கம்பத்தில் வேலை செய்யும் மின் ஊழியரின் உயிருக்கே ஆபத்து.

30. கேஸ் எதுவும் வேண்டாம், பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு டைமிங்கை மாற்ற வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். எத்தனாலின் ஆக்டேன் அதிகம். கம்பெனி டைமிங்கில் தட்டாமல் ஓடும். அதற்குக் காற்றுக் கொஞ்சம் குறைவாகத் தேவை என்பதால் பழைய கார்புரேட்டரில் கலவை சற்று இளைக்கும். ஸ்டார்ட் ஆகத் தயங்கினால் சோக்கை இன்னும் சிறிது நேரம் இழுத்து வையுங்கள். கவனிக்க வேண்டியது ரப்பர் குழாயும் தண்ணீரும்தான். பழைய குழாய் ஊறி இளகினால் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், ஜெனரேட்டரை மாதக்கணக்கில் சும்மா வைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்கை வடித்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து அதையும் காலி செய்துவிடுங்கள்.